மக்களைத் திரட்டுவதைக் கல்லூரியில் படிக்க முடியுமா?

"பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறேன். பக்கத்துத் தெரு வரைக்கும் குடிநீர்க் குழாய் வந்து நின்றுவிட்டது, எங்கள் தெருவுக்கு வரவில்லை. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலைச் சமூகப்பணி) சேர்ந்து சமுதாய மேம்பாடு எடுத்தால் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்வேனா? எச்.ஆர். (மனிதவளம்) எடுத்தால்தான் வேலை கிடைக்கும் என்கிறார் அப்பா." இதுதான் நீங்கள் கேட்டிருப்பது. பார்த்தவுடன் எந்தப் பிரிவை எடுப்பது என்ற கேள்வியாகத் தெரிகிறது. உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மக்களை ஒன்றுசேர்த்து உரிமையைக் கேட்டு வாங்குவது கல்லூரிக்குப் போய்க் கற்கக்கூடிய தொழில்தானா? கற்றால் அதை வைத்துப் பிழைக்க முடியுமா? நான் இந்தப் படிப்பைப் படித்தவள். 14 வருடம் காவிரிக் கடைமடைக் கிராமங்களில் வேலை பார்த்தேன். கடந்த 8 வருடமாகக் களப்பணிக்கு வரும் மாணவர்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். நகரத்துக் குடிசைப் பகுதிகளில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. அதனால் நான் சொல்வதையெல்லாம் கிராமத்திலிருந்து பார்த்த பார்வையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. மக்களை ஒன்றுசேர்த்துத் திரட்டுவதைச் சமுதாய அமைப்பாக்கம் என்பார்கள். தமிழ்நாட்டில் அது தனிப் பட்டமாகப் பெரும்பாலும் கிடைக்காது. எம்.எஸ்.டபிள்யூ. என்ற இரண்டு வருடப் படிப்புக்குள் அது ஒரு பாடம். சமுதாய மேம்பாடு என்ற சிறப்புப் பிரிவை எடுத்தால் அதுவே முதுகெலும்பு. எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம், உங்கள் பொருளாதாரம் தடையே இல்லை, சொல்லப்போனால் உதவி. நான்கு பருவமும் வாரத்தில் இரண்டு நாள் களப்பணி இருக்கும். ஒரு கிராமிய முகாம், கடைசியில் ஒரு மாத அளவில் ஒரே நிறுவனத்தில் தொடர் பயிற்சி, ஓர் ஆய்வேடு. கல்லூரிக்குக் கல்லூரி பெயர்கள் மாறும், இந்தக் கட்டமைப்பு பெரும்பாலும் மாறாது. வக்கீலுக்கு இருப்பதுபோல சமுதாயப் பணி முழுமைக்கும் பொதுவான நாடு தழுவிய உரிமமோ பதிவோ கிடையாது. ஆகவே இந்தப் பட்டம் இல்லாமல் ஊரில் வேலை செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதனால்தான் உங்கள் கேள்விக்கே அர்த்தம் வருகிறது: கட்டாயம் இல்லாத ஒன்றை எதற்காக இரண்டு வருடம் செலவழித்துப் படிக்க வேண்டும்?

இந்தப் படிப்பு எங்கே பிறந்தது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். 1889ல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ், குடியேறிய தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற வீட்டைத் திறந்து அங்கேயே குடியிருந்தார். அதே வழியில் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் 1926ல் பம்பாய் நாக்பாடாவில் ஒரு அண்டைஅயல் இல்லத்தைத் தொடங்கினார். அந்த அனுபவத்திலிருந்துதான் 1936ல் டாடா அறக்கட்டளையின் உதவியோடு இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி வந்தது. இன்று டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) என்று நாம் சொல்வது அதைத்தான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952ல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரியும் அவருடைய தொண்டு அமைப்பின் வேலையிலிருந்து முளைத்ததுதான். காந்திகிராமத்தில் 1947ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் முதலில் கிராமத்தில் வேலையைத்தான் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் பின்னால் வந்தது. முதலில் ஒரு வீடு, ஒரு தெரு, அங்கே வாழும் மக்கள், அப்புறம்தான் வகுப்பறை. இந்த வரிசையை மறந்துவிட்ட கல்லூரியில் சேர்ந்தால் இரண்டு வருடமும் கோட்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டு வருவீர்கள்.

கோட்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜாக் ராத்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1968ல் சமுதாய அமைப்பாக்கத்தை மூன்று வகையாகப் பிரித்தார். எல்லாக் கல்லூரியிலும் இது பாடம். உங்கள் குழாயை வைத்தே சொல்கிறேன். தெருக்காரர்கள் கூடி, பள்ளம் தோண்டும் உடலுழைப்பை நாங்கள் தருகிறோம் என்று ஊராட்சியோடு சேர்ந்து முடித்தால் அது வட்டார மேம்பாடு. பொறியாளர் வந்து அழுத்தம் எவ்வளவு, மேல்நிலைத் தொட்டி எத்தனை வீட்டுக்குத் தாங்கும், எத்தனை மீட்டர் குழாய் வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்தால் அது திட்டமிடல். பக்கத்துத் தெரு வரை வந்த குழாய் எங்கள் தெரு முனையில் நின்றதற்குக் காரணம் நாங்கள் யார் என்பதுதான் என்று சொல்லி, காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்தால் அது சமூகச் செயல்பாடு. மூன்றும் நியாயமான வழிகள்தான். ஆனால் தொட்டியில் தண்ணீரே இல்லாத இடத்தில் மறியல் செய்வதும், சாதியால் நிறுத்தப்பட்ட குழாய்க்கு உடலுழைப்புத் தருகிறோம் என்று போய் நிற்பதும் மக்களைக் களைப்படைய வைக்கும். எது எந்த வகைப் பிரச்சினை என்று பிரித்துப் பார்க்கிற கண்ணை வகுப்பறை தருகிறது. நான் கல்லூரியில் பெற்றதில் இன்றுவரை தினமும் பயன்படுவது அது.

இரண்டாவதாகத் தருவது, சமுதாயம் என்ற சொல்லைக் கண்டு ஏமாறாமல் இருப்பது. ஒரு கிராமிய முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் வரைபடத்தை ஊர்க்காரர்களே வரைவது என்று ஒரு முறை உண்டு. கோலமாவும் செங்கல் பொடியும் கொடுத்து, தரையில் வரையச் சொல்வோம். வேப்பிலையைத் தூவினால் தோப்பு, புளியங்கொட்டை வைத்தால் வீடு. மாரியம்மன் கோயில் வாசலில் பெண்கள் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் அழகாக வரைந்துவிட்டார்கள். குளம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கதிரடிக்கும் களம், எல்லாம் இருந்தது. மாணவர்களுக்கு ஒரே சந்தோஷம், கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முகாமில் சமையலுக்கு உதவ வந்திருந்த ஒரு அம்மா சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போனதும் மெதுவாகச் சொன்னார்: "எங்க தெருவு இதுல இல்லம்மா." வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எழுபது வீடுள்ள காலனி அந்தப் படத்தில் இல்லவே இல்லை. யாரும் திட்டமிட்டு விட்டதில்லை. கோயில் வாசலில் வரைந்தார்கள், கோயில் வாசலுக்கு வரமுடிந்தவர்கள் வரைந்தார்கள், அவர்கள் மனதில் ஊர் வாய்க்காலோடு முடிந்துவிட்டது. மறுநாள் காலனியில் தனியாக ஒரு படம் வரைந்தோம். அதில் எல்லாத் தெருவும் இருந்தது, அதோடு எந்தக் கடையில் எந்த டம்ளர் என்பதும் இருந்தது.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தியக் கிராமத்தைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசியதன் பொருள் அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மாணவர்களுக்குப் புரிந்தது. ஊர் ஒன்றுகூடித் தீர்மானித்தது என்று யாராவது சொன்னால், எங்கே கூடினார்கள், எத்தனை மணிக்கு, யார் தரையில் உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று கேட்கப் பழக வேண்டும். நல்ல துறையில் இதை வாரா வாரம் கேட்க வைப்பார்கள். சாதியைப் பேசாமல் சமுதாய மேம்பாட்டைப் பாடம் நடத்துகிற துறைகளும் இருக்கின்றன. அங்கே படித்தவர்கள் முதல் வருட வேலையிலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, என்னைப் பொறுத்தவரை முக்கியமானது, களப்பணிப் பதிவேடு. வாரத்தில் இரண்டு நாள் களத்துக்குப் போய்விட்டு வந்து, என்ன செய்தோம், யாரோடு பேசினோம், என்ன நினைத்தோம் என்று கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் படித்துவிட்டு வாரத்துக்கு ஒரு முறை தனியாக உட்கார வைத்துப் பேசுவார். மாணவர்கள் இதைச் சுமையாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பருவத்தில் ஒரு கிராமத்தில் அடிபம்பு பழுதாகிக் கிடந்தது. நான் மனு எழுதினேன், 42 கையெழுத்து வாங்கினேன், ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளுக்கு கலெக்டர் ஆபீஸ் போனேன். அதிகாரியிடம் நானே பேசினேன். இரண்டு வாரத்தில் பம்பு சரியாகிவிட்டது. பெருமையோடு பதிவேட்டை எழுதிக் கொடுத்தேன். என் மேற்பார்வையாளர் அம்மா சிவப்பு மையால் ஒவ்வொரு "நான்" என்ற சொல்லையும் வட்டமிட்டு, கடைசியில் எழுதியிருந்தார்: "31 தடவை நான். 3 தடவை அவர்கள். அந்த ஐந்து பேருக்கும் பெயர் இல்லையா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பம்பு ஓடுகிறதே, இதில் என்ன குறை என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து அதே பம்பு மறுபடி பழுதானது. பருவத் தேர்வு விடுமுறை, நான் ஊரில் இல்லை. திரும்பிப் போனபோது 19 நாளாக அந்தப் பெண்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த வயல் மோட்டாரிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். "நீ வந்து எழுதிக் குடுப்பேன்னு இருந்தோம் பாப்பா" என்றார்கள். கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் மேசை எது, ஒப்புகைச் சீட்டை எங்கே கேட்க வேண்டும், எந்தப் பிரிவு எழுத்தரிடம் மறுவாரம் விசாரிக்க வேண்டும் என்று ஒன்றையும் நான் அவர்களுக்குக் காட்டவில்லை. கையெழுத்துப் போட மட்டும் அவர்கள், மற்றதெல்லாம் நான். பம்பைச் சரி செய்தேனே ஒழிய, அந்தத் தெருவில் எதையும் அமைக்கவில்லை. இந்தப் பாடத்தை எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு ஆழமாகப் படித்திருக்க மாட்டேன். ஆனால் களத்தில் தனியாக இறங்கியிருந்தால் படித்தே இருக்க மாட்டேன் என்பதும் உண்மை. பம்பு ஓடியதை வெற்றியாக எண்ணிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பேன். தவறு செய்ய இடம் கொடுத்து, அந்தத் தவறை உட்கார வைத்துப் பார்க்கச் செய்கிற ஒருவர், அதற்கென்று வாரத்தில் ஒரு மணி நேரம்: பல்கலைக்கழகம் தரக்கூடியதில் வேறெங்கும் எளிதில் கிடைக்காதது இதுதான்.

அடுத்தது உரிமைப் பரப்புரை. களத்தில் எல்லோரும் அட்வகசி என்றே சொல்கிறோம். ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை வாங்கித் தருவது உதவி. ஏன் இந்த வட்டத்தில் இத்தனை பேருடைய மனு ஒரே காரணம் சொல்லித் தள்ளுபடியாகிறது என்று எண்ணிப் பார்த்து, அந்தக் காரணத்தையே மாற்றக் கேட்பது அட்வகசி. மாணவர்கள் இதை மேடைப்பேச்சு என்று நினைத்து வருகிறார்கள். நடைமுறையில் இது முக்கால்வாசி காகித வேலை. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் சங்கம். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்ட அருணா ராயும், அவரோடு நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் 1987ல் தேவ்துங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண்வீட்டில் குடியேறினார்கள். 1990 மே தினத்தில் சங்கம் பிறந்தது. பிரச்சினை மிகச் சாதாரணமானது: வறட்சி நிவாரண வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி வரவில்லை. கேட்டால், நீ அவ்வளவு வேலை செய்யவில்லை என்று பதிவேட்டில் இருக்கிறது என்றார்கள். அப்படியானால் அந்தப் பதிவேட்டைக் காட்டு என்றார்கள் தொழிலாளர்கள். காட்ட முடியாது, அரசு ரகசியம் என்றது அதிகாரம். கிடைத்த மஸ்டர் ரோல் (வேலையாட்கள் வருகைப் பதிவேடு) நகல்களை 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி, கட்டி முடிக்காத கட்டடத்துக்கு முடிந்ததாக ரசீது. ஒவ்வொரு வரியும் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்த கதை. 1996ல் பியாவர் நகரில் தகவல் உரிமை கேட்டு 40 நாள் தர்ணா. தமிழ்நாடு 1997லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005ல் வந்தது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது அந்தப் படிக்கட்டு. கூலி பாக்கி என்ற ஒரு தனிப் பிரச்சினை, அதற்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது, காகிதத்தைக் கேட்க உரிமை தேவைப்பட்டது, உரிமைக்குச் சட்டம் தேவைப்பட்டது. மேலிருந்து கீழே யாரும் வரையவில்லை. வகுப்பில் அட்வகசிக்கு ஐந்து படி, ஏழு படி என்று சொல்லித் தருவார்கள். எழுதிக்கொள்ளுங்கள், தேர்வுக்கு வேண்டும். ஆனால் உண்மையான படி, அடுத்த காகிதம் எது என்று கண்டுபிடிப்பதுதான். தகவல் கேட்டு மனுப்போட 10 ரூபாய் கட்டணம், தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இதைக் கற்க எம்.எஸ்.டபிள்யூ. வேண்டாம், ஒரு மாலை போதும். வந்த பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, யாரை முன்னால் படிக்க வைப்பது, படித்தவருக்கு மறுநாள் ஊரில் என்ன நேரும், அதற்கு நாம் முன்கூட்டி என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். நெல் வயலில் கூலிக்குப் போகும் பெண் நிலக்காரரின் மைத்துனரான ஒப்பந்தக்காரரைப் பற்றிக் கூட்டத்தில் பேசினால், அடுத்த நடவுக்கு அவளைக் கூப்பிடுவார்களா? இதை யோசிக்காமல் பேசு பேசு என்று தூண்டிவிடுவது குற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது உறுதியில்லாத இடத்துக்கு வருகிறேன். படித்தவர்தான் நன்றாக அமைப்பாக்கம் செய்வார் என்று என்னால் சொல்ல முடியாது. நாங்கள் பாடமாகப் படிக்கும் அமெரிக்க அமைப்பாளர் சால் அலின்ஸ்கியே சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, குற்றவியல் ஆய்வுக்காகத் தெருவுக்குப் போய், தெருவிலேயே தங்கிவிட்டவர். 1939ல் இறைச்சிக்கூடங்களின் பின்னால் இருந்த தொழிலாளர் குடியிருப்பில், ஒருவருக்கொருவர் ஆகாமல் இருந்த பல நாட்டு மக்களையும் தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மன்றத்தில் உட்கார வைத்தார். அதை அவர் கற்றது வகுப்பிலா தெருவிலா என்று பிரிக்க முடியாது. எங்கள் பக்கத்தில், கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட மண்ணில், காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களோடு பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலத்தைக் கூலிப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். சமூகப்பணிப் பட்டம் அதற்கு வழிகாட்டவில்லை. நான் வேலை பார்த்த கிராமங்களில் மகளிர் குழு நடத்திய அக்காமார் சிலர், எட்டாவது தாண்டாதவர்கள், ஒரு கூட்டம் எந்த நிமிடத்தில் உடையப் போகிறது என்பதை என்னைவிட முன்னதாக உணர்வார்கள். ஆகவே படிப்பு திறமையைக் கொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற அக்கறைக்கு ஒரு ஒழுங்கைக் கொடுக்கும், தவறுகளைச் சீக்கிரம் காட்டும் என்று மட்டும் சொல்கிறேன். இது என் அனுபவத்தில் வந்த கருத்து.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. 1948ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்றது. சமூகப்பணிக் கல்லூரிகளில் எச்.ஆர். பிரிவு வேர்விட்டதற்கு அது ஒரு பெரிய காரணம். வளாகத் தேர்வுக்குக் கம்பெனிகள் வருவதும் பெரும்பாலும் அந்தப் பிரிவுக்குத்தான். சமுதாய மேம்பாடு எடுத்தவர்களுக்கு வேலை உண்டு, ஆனால் தேடிப் போக வேண்டும், தொடக்கச் சம்பளம் குறைவு, பல பணியிடங்கள் திட்டக்காலம் முடிந்தால் முடிந்துவிடும். மகளிர் திட்டம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் என்று அரசுப் பக்கம் ஒப்பந்த வேலைகள் இருக்கின்றன. 2013ம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் 135ம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றதால் அங்கும் வேலை பெருகியது. ஆனால் கம்பெனிப் பணம் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கித் தரும், குளம் தூர்வாரும். நிலப் பட்டா கேட்டு மக்களைத் திரட்டுகிறேன் என்றால் தயங்கும்.

அட்வகசியையே முழு வேலையாகச் செய்த சின்ன அமைப்புகளுக்குக் கடினமான காலம் இது. வெளிநாட்டு நன்கொடை முறைப்படுத்தும் சட்டத்தில் 2020ல் வந்த திருத்தம், நிதி பெற்ற பெரிய அமைப்பு அதைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதைத் தடுத்தது. நிர்வாகச் செலவின் வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. என்னோடு வேலை பார்த்த பலர் அதற்குப் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விரும்பிப் போகவில்லை. வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி யாராவது இருந்தால், இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். எச்.ஆர். எடுத்துத் தொழிலாளர் பக்கம் நேர்மையாக நிற்பவர்களும் இருக்கிறார்கள். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று வரி குழாயைப் பற்றியும் ஒரு வரி அப்பாவைப் பற்றியும் இருக்கிறது. அதைப் பார்த்தால் உங்கள் மனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிடக் களப்பணியைப் பாருங்கள். சேர்க்கைக்கு முன்னால் ஒரு நாள் துறைக்கு நேரில் போய், ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள், தனிச் சந்திப்பு வாரா வாரம் நடக்கிறதா, களத்துக்கு ஆசிரியர் வருகிறாரா அல்லது போனிலேயே முடிகிறதா என்று கேளுங்கள். இரண்டாம் வருட மாணவர் யாரிடமாவது அவருடைய பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள் இருந்தால் நல்ல துறை. கையெழுத்தும் முத்திரையும் மட்டும் இருந்தால் யோசியுங்கள். அரசு உதவிபெறும் இடத்துக்கும் சுயநிதி இடத்துக்கும் கட்டணம் ஒரே கல்லூரிக்குள்ளேயே வெகுவாக மாறும், இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். டிஸ் போக விருப்பமென்றால் சியுஇடி-பிஜி நுழைவுத் தேர்வு வழியாகப் போக வேண்டும். அஞ்சல் வழியில் இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்.டபிள்யூ. நடத்துகிறது. ஏற்கெனவே ஒரு அமைப்பில் வேலை பார்ப்பவருக்கு அது நல்ல வழி. உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், உங்களுக்கு வேண்டியது பட்டத்தைவிட அந்த வாராந்தரச் சந்திப்பு. பேருந்துச் செலவைப் பற்றியும் நினைத்துப் பாருங்கள். களப்பணிக்குப் போய்வரும் காசு பெரும்பாலும் மாணவர் கையிலிருந்துதான். 2021லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது எங்கள் மாணவிகளுக்குப் பெரிய ஆறுதல். முன்பெல்லாம் வாரக் கடைசியில் பேருந்துக்குக் காசில்லாமல் களத்துக்கு வராமல் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சேர்க்கைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. குழாய் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் என்ற குழாய்க் குடிநீர்த் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கிராமச் செயல் திட்டம் எழுதி கிராம சபையில் வைக்க வேண்டும். கிராமக் குடிநீர் மற்றும் துப்புரவுக் குழு ஒன்று இருக்க வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் தெரு அந்தச் செயல் திட்டத்தில் இருக்கிறதா, விடுபட்டதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இருந்து குழாய் வரவில்லையென்றால் அது வேலை முடியாத கதை. திட்டத்திலேயே இல்லையென்றால் அது கோலமாவுப் படத்தில் இல்லாத தெருவின் கதை. இரண்டுக்கும் போகும் வழி வேறு. செயல் திட்டத்தின் நகலையும், குழு உறுப்பினர் பட்டியலையும், அந்தத் தீர்மானம் நிறைவேறிய கிராம சபைக் கூட்டத்தின் பதிவையும் ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். தரவில்லையென்றால் 10 ரூபாய் வில்லையோடு தகவல் மனு.

தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால்தான் குறைவெண் (கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை) நிறையும். 501லிருந்து 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நான் பார்த்தவரை கையெழுத்து எண்ணிக்கைக்கும் உட்கார்ந்திருப்பவர்கள் எண்ணிக்கைக்கும் பல ஊர்களில் தூரம் இருக்கும். உங்கள் தெருவிலிருந்து 20 பேர் ஒன்றாகப் போனால், அந்தக் கூட்டத்தில் அது சின்ன எண்ணிக்கையாக இருக்காது. தீர்மானம் கூட்டத்திலேயே எழுதப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்று எழுந்து பேசுவது நீங்களாக இருக்க வேண்டாம். உங்கள் தெருவில் அதிக தூரம் குடம் சுமக்கிற அம்மா யாரோ, அவர் பேசட்டும். முந்தின நாள் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தடுமாறினால் பின்னால் நின்று எடுத்துக்கொடுக்க இன்னொருவர் யார் என்று அவரையே கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நடந்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பேசியவர் பெயர், பதில் சொன்னவர் பெயர், சிரித்தவர் பெயர் எல்லாம். நேர்முகத் தேர்வில், ஏன் சமுதாய மேம்பாடு என்று கேட்பார்கள். அப்போது அந்த நோட்டைக் காட்டுங்கள்.